பள்ளியில் பிள்ளையின் விவரம் கேட்கிறார்கள்: எதைக் கொடுப்பது, எதைக் கேட்பது

உங்கள் மகள் காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் அவளுடைய ஆதார், பெற்றோர் இருவரின் ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே அபார் எனப்படும் மாணவர் அடையாள எண்ணுக்கான ஒப்புதல் படிவம் ஒன்றும், தனியார் நிறுவனத்தின் கற்றல் ஆப் ஒன்றும் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கின்றனவாமே, தமிழ்நாட்டில் உண்டா, இல்லையென்றால் கொடுக்க மறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மறுத்தால் பிள்ளைக்கு ஏதாவது பாதகம் வருமா என்பதுதான் இதற்குள் இருக்கும் கவலை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். பள்ளி மாணவர்களின் தரவுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2020இல் மாநில அரசு சைபர் பாதுகாப்புக் கொள்கையையும் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையையும் வெளியிட்டது. இரண்டும் கொள்கைகள். மீறினால் இன்னாருக்கு இன்ன தண்டனை என்று அவற்றை வைத்து நீங்கள் எங்கும் போய் நிற்க முடியாது. அமெரிக்காவைப் பற்றி நீங்கள் படித்தது சரிதான். 1974இலேயே அங்கே பெர்பா என்ற நாடு தழுவிய சட்டம் வந்தது. பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் பிள்ளையின் பதிவைக் காட்ட வேண்டும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். ஆனால் ஆப் நிறுவனங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. அந்த இடைவெளியை மாநிலங்கள் நிரப்பின. மாணவர் விவரத்தை விற்கவோ, அதை வைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்று 2014இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. அதே ஆண்டு நியூயார்க் தன் கல்விச் சட்டத்தில் 2-டி என்ற பிரிவைச் சேர்த்தது. பல மாநில மாணவர்களின் விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்க முயன்ற இன்புளூம் என்ற அமைப்பு பெற்றோர் எதிர்ப்பால் மூடப்பட்டதும் 2014இல்தான். இல்லினாய் 2019இல் திருத்தி 2021 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில், எந்தெந்த நிறுவனத்துக்கு மாணவர் விவரம் போகிறது என்ற பட்டியலைப் பள்ளி நிர்வாகம் வெளியிட்டாக வேண்டும். நமக்கு மிகவும் தேவையானது இந்தக் கடைசி விதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் இன்று உறுதியாக நிற்கும் சட்டம் என்ன? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு பள்ளி விஷயத்தைத் தனியாகவே பேசுகிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்பதால், சேர்க்கையை அரசு தரும் சலுகை என்று கணக்கிட முடியாது. உதவித்தொகை போன்ற திட்டங்களிலும், ஆதார் காட்ட முடியவில்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் பலனை மறுக்கக் கூடாது, வேறு ஆவணத்தை வைத்து அடையாளத்தைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு, சட்டம் அனுமதிக்கும் நோக்கத்துக்குத் தவிர ஒருவருடைய ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதையோ ஒட்டிவைப்பதையோ தடுக்கிறது. ஆக, நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் ஆதார்ப் படத்தைப் போடச் சொல்வதற்குச் சட்டத்தில் எந்த ஆதரவும் இல்லை. இவ்வளவும் தயக்கமில்லாமல் சொல்லக்கூடியது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர் எல்லோரும் அதில் குழந்தைகள். அவர்களுடைய விவரத்தைக் கையாளும் முன் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருப்பதால் அவை 2027 மே மாதத்தில்தான் உயிர்பெறும். அப்போதும் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளின் நான்காம் அட்டவணையில் விலக்கு உண்டு: தன் கல்விப் பணிக்காகவோ மாணவர் பாதுகாப்புக்காகவோ பள்ளி கண்காணிக்கலாம். அரசு ஒரு சலுகையையோ சான்றிதழையோ வழங்கக் கையாளும் விவரத்துக்கு 7ஆம் பிரிவு தனி வழி வைத்திருக்கிறது. என் விவரத்தைக் காட்டு, திருத்து என்று கேட்கும் உரிமை, ஒப்புதல் கொடுத்துப் பெற்ற விவரத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அழிக்கச் சொல்லும் உரிமை அரசிடம் உள்ள தரவுக்குப் பொருந்தாது என்று 17(4) சொல்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

சட்டத்தில் முடிவாகாத இடங்களும் உண்டு. பள்ளி ஒரு தனியார் ஆப்பைப் பரிந்துரைக்கிறது என்றால், பள்ளிக்குக் கொடுத்த விலக்கு அந்த நிறுவனத்துக்கும் சேருமா? பள்ளியின் சார்பில், பள்ளி சொன்ன வேலையை மட்டும் செய்தால் சேரும் என்று ஒரு தரப்பு வாதிடலாம். மகளின் பெயரையும் எண்ணையும் வாங்கித் தன் சொந்த வியாபாரத்துக்கும் வைத்துக்கொண்டால் சேராது என்பது என் வாசிப்பு. நீதிமன்றத்தில் இது உரசிப் பார்க்கப்படும் வரை வாசிப்பாகத்தான் இருக்கும், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளத்தில் மகளைப் பதிவதை மறுக்காதீர்கள் என்பதுதான் என் அழுத்தமான ஆலோசனை. மாற்றுச் சான்றிதழ் அதிலிருந்துதான் தயாராகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியலும் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும், ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதுதான் தகுதி. உங்கள் மகள் ஏழாம் வகுப்பு. அந்த ஏழு ஆண்டுக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஓர் ஆண்டு பதிவில் விழாமல் போனால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கவுன்சலிங் நேரத்தில் அதைச் சரிசெய்ய அலைவது பெரும்பாடு. பிள்ளையைப் பள்ளி மாற்றினால் இன்னும் கவனம் வேண்டும். பழைய பள்ளி டி.சி. போட்டதும் பதிவு காமன் பூல் என்ற பொது இருப்புக்குப் போகும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் மகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், பதிவில் இருக்கமாட்டாள். டி.சி. தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம்.

ஆகவே பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய், மகளின் எமிஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, பயிற்று மொழி, கைபேசி எண், வங்கிக் கணக்கு. நம் மாவட்டத்தில் அதிகம் இடறுவது பெயரில்தான். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், பள்ளியில் இனிஷியல் மட்டும் இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கம் முகமது என்ற ஒரே பெயர் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். சித்தூர் எல்லையோரக் குடும்பங்களில் ஆதாரை ஆந்திர முகவரியில் எடுத்திருப்பார்கள். அபார் எண் உருவாக வேண்டுமென்றால் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பாலினமும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான நிராகரிப்புக்கு இதுதான் காரணம். எதைத் திருத்துவது என்று குழம்பாதீர்கள்: பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்குக் கொண்டுவாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அதன்பின் திருத்தம் பல மடங்கு கடினம். எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது. மாவட்டப் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன் எடுத்த ஆதாரில் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு எல்லாமே வேலூர் மாவட்டம்தான். பெற்றோரின் பழைய சாதிச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கும். இவை பிழைகள் அல்ல, திருத்தவும் தேவையில்லை.

கைபேசி எண்ணை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் அதில்தான் ஆபத்து அதிகம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தால் அதே எண் வேறு ஒருவருக்குப் போகலாம். எமிஸில் பழைய எண்ணே இருந்தால் மகள் வரவில்லை என்ற செய்தியும் ஓ.டி.பி.யும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்ச் சேரும். வங்கிக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும், பள்ளியில் கொடுத்த கணக்குக்கு என்பதில்லை. பணம் வரவில்லை என்று பள்ளியைக் கேட்கும் முன், ஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் இணைக்கப்பட்ட ஆந்திரா வங்கி, சிண்டிகேட் வங்கி, அலகாபாத் வங்கிப் பாஸ்புக்கின் ஜெராக்ஸைக் கொடுத்திருந்தால் அதிலுள்ள ஐ.எப்.எஸ்.சி. குறியீடு காலாவதி ஆகியிருக்கும், புதியதை வாங்கிக் கொடுங்கள். ஐந்து வயதுக்குமுன் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு முதலாவது முடிந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விவரம் கசியும் இடத்தை இனிப் பார்ப்போம். எல்லோரும் சென்னையில் இருக்கும் சர்வரை நினைத்துப் பயப்படுகிறார்கள். உங்கள் கையிலிருந்து அந்தச் சர்வர் வரை போகும் வழியில்தான் எனக்குக் கவலை அதிகம். குரூப்பில் நீங்கள் போடும் ஆதார்ப் படம், அந்தக் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவர் போனிலும் தானாக இறங்கி கேலரியில் போய் உட்காரும். அங்கிருந்து அவரவர் கூகுள் கணக்கின் போட்டோ சேமிப்புக்கும் போகும். நீங்கள் குரூப்பில் அழித்தாலும் அந்தப் பிரதிகள் அழியாது. பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால் அந்தக் கணினியின் டவுன்லோடு போல்டரில் ஒரு பிரதி நிற்கும். மேலிடத்திலிருந்து இன்று மாலைக்குள் வேண்டும் என்று வரும் அவசரக் கணக்கெடுப்புக்கு ஆன்லைன் விரிதாள் ஒன்றைத் திறந்து, இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று அமைத்துவிட்டால், ஒரு வட்டாரம் முழுவதும் உள்ள பிள்ளைகளின் எண்கள் அதில் திறந்து கிடக்கும். இதில் பெரும்பாலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. பாடம் நடத்துகிற வகுப்பாசிரியரே தரவும் ஏற்ற வேண்டியிருக்கிறது, அவர் தன் சொந்தப் போனில், தன் சொந்த நெட்டில் செய்கிறார். அவரிடம் சண்டை போடாமல், வழியை மாற்றிக் கேளுங்கள்.

குரூப்பில் போட மாட்டேன், நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன், நீங்கள் பார்த்துப் பதிவிடுங்கள் என்று சொன்னால் எந்த ஆசிரியரும் மறுக்கக் காரணமில்லை. ஜெராக்ஸ்தான் வேண்டும் என்றால், படத்தையும் எண்ணையும் தொட்டபடி குறுக்கே, ‘பள்ளி எமிஸ் பதிவுக்கு மட்டும்’ என்று பேனாவால் எழுதி, பள்ளிப் பெயரும் தேதியும் இட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எண்ணை எமிஸில் ஏற்ற 12 இலக்கமும் தேவை. அடையாளச் சான்றாக மட்டும் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலேயே எடுத்துக் கொடுக்கலாம். பெற்றோரின் ஆதார் எதற்கு என்று கேளுங்கள். கைபேசி எண்ணைச் சரிபார்க்கவோ ஒப்புதல் படிவத்தில் அடையாளம் காட்டவோ என்றால் வேறு அடையாள அட்டையும் போதுமா என்று கேட்கலாம். ஓ.டி.பி. வந்தால் அந்தக் குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள், எதற்காக என்று அதிலேயே இருக்கும். உதவித்தொகை வந்திருக்கிறது, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று, மகளின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி அழைப்பு வந்தாலும் நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம்.

அபார் படிவம் வேறு வகை. அது 12 இலக்க மாணவர் எண். மகளின் ஆதாரோடும் டிஜிலாக்கரோடும் இணையும். பெற்றோர் ஒப்புதல் கேட்டு ஒரு படிவம் தருகிறார்கள் என்பதே அது விருப்பம் சார்ந்தது என்பதற்குச் சான்று. கையெழுத்துப் போடாமல் இருக்கலாம், போட்டபின் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யலாம், ஆனால் அதற்குள் போய்விட்ட விவரம் திரும்பி வராது. வேண்டாம் என்றால் வாய்மொழியாகச் சொல்லாமல், ஒப்புதல் தரவில்லை என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஏதாவது தேர்வாணையம் இந்த எண்ணைக் கேட்டால் அப்போது போட்டுக்கொள்ளலாம், இப்போது அவசரம் இல்லை. உங்கள் கைக்கு வந்த படிவத்தை நான் பார்க்கவில்லை. வேறு எதற்காவது ஒப்புதலும் அதே தாளில் சேர்ந்திருக்கிறதா என்று பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

தனியார் ஆப்பைப் பொறுத்தவரை, துறையின் எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிறுவ வேண்டாம். இருந்தால், நிறுவும்போது தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக் ஆகியவற்றுக்கான அனுமதியை மறுத்துப் பாருங்கள். வீடியோ பாடமும் வினாடி வினாவும் இவை இல்லாமலே ஓட வேண்டும், ஓடாவிட்டால் அந்த ஆப் பாடத்துக்காக மட்டும் வந்ததல்ல. தரவைக் காக்கத் தவறினால் இழப்பீடு தரச் சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும், அரசுப் பள்ளிக்குப் பொருந்தாது. அதுவும் புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது நீக்கப்படும்.

எழுத்தில் பதில் வேண்டும் என்றால் இரண்டு வழிகள் பலன் தரும். ஒன்று பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆவணங்களை வாட்ஸ்ஆப்பில் கேட்கக் கூடாது, நேரில் மட்டும் வாங்க வேண்டும், நகல்களைப் பூட்டிய அலமாரியில் வைத்து ஆண்டு முடிவில் அழிக்க வேண்டும் என்று தீர்மானமே போடலாம். உங்கள் ஒருவர் மறுப்பைவிட இது தலைமையாசிரியருக்கும் வசதி, மேலே கேட்டால் தீர்மானத்தைக் காட்டலாம். மற்றொன்று தகவல் உரிமைச் சட்டம். வேலூர் முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மாணவர் விவரத்தைக் கேட்டால் நிராகரிப்பார்கள், தனிநபர் விவரத்தைத் தர மறுக்க இடம் கொடுக்கும் விலக்குப் பிரிவு 2025 நவம்பரில் இன்னும் இறுகிவிட்டது. நடைமுறையைக் கேளுங்கள்: மாவட்டப் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட ஆப்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்குமான ஆணையின் நகல், நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் நகல், வாட்ஸ்ஆப்பில் ஆவணம் சேகரிக்கச் சொன்ன சுற்றறிக்கை இருந்தால் அதன் நகல். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காமல் நகல் என்று ஆவணமாகவே கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

மாநிலம் சட்டம் போட முடியுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1976இன் 42ஆவது திருத்தத்துக்குப் பின் கல்வி, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. தன் பள்ளிகளில் என்ன சேகரிக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை ஆண்டு வைக்கலாம் என்பதை மாநிலம் சட்டமாக்கலாம். மத்தியத் தரவுச் சட்டத்தோடு முரண்பட்டால் அரசியலமைப்பின் 254(2)ன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டிவரும், அதனால் அந்தச் சட்டத்தைவிடக் கூடுதல் பாதுகாப்பு தருவதாக எழுதுவது பாதுகாப்பான வழி. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் சாதி, குடும்ப வருமானம், உடல்நலக் குறிப்பு, வருகைப் பதிவு எல்லாம் ஒரே திரையில் இருக்கும்போது, அதை எந்தெந்தப் பதவியில் இருப்பவர் திறக்கலாம், யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு எங்கே இருக்கும், கசிந்தால் எத்தனை நாளுக்குள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் சட்டத்தில் எழுத்தாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சட்டமன்றத்துக்குப் போகும் முன்பே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இல்லினாய் மாதிரி, பள்ளி பயன்படுத்தும் ஆப்களின் பெயரையும் ஒவ்வொன்றும் எடுக்கும் விவரத்தையும் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டச் சொல்ல, பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். உங்கள் மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத் தீர்மானத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள்.